ஒரு பருத்திக்காய், இரண்டு பள்ளிக்கூடங்கள்

மூன்றாம் வகுப்புக்கு ‘மழை’ என்று ஒரு பாடக்குறிப்பு எழுதுகிறோம். தமிழுக்கு ஒரு மழைப் பாட்டு. கணக்குக்குக் குடைகளைக் கூட்டுதல். அறிவியலுக்கு நீர்ச் சுழற்சிப் படம். ஓவியத்துக்கு அதே குடைக்கு வண்ணம் தீட்டுதல். நான்கு பாடங்களும் ஒரே தலைப்பின்கீழ் வந்துவிட்டன. குழந்தைகளும் உற்சாகமாக இருக்கிறார்கள். ஆனாலும் ஒன்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும். குடைகளுக்குப் பதிலாக மாங்காய்களைக் கூட்டச் சொல்லியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? ஒன்றும் கெட்டிருக்காது. கணக்கை அடியோடு நீக்கிவிட்டாலும் மழையைப் பற்றிக் குழந்தை தெரிந்துகொண்டது ஒரு துளிகூடக் குறைந்திருக்காது. அந்தப் பாடங்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தன, ஒன்றோடொன்று பேசவில்லை.

இன்னொரு வகுப்பு. முற்றத்தில் ஒரு தகர டப்பாவை வைத்திருக்கிறார்கள். தினமும் காலையில் அதில் தேங்கிய நீரை அளவுகோலால் அளந்து எழுதுகிறார்கள். ஐப்பசியில் எந்த வாரம் அதிகம் பெய்தது என்று மாதக் கடைசியில் தலைமையாசிரியருக்கு அறிக்கை தர வேண்டும். இங்கே மில்லிமீட்டர் பிடிபடவில்லை என்றால் வேலை நின்றுவிடும். கோவையாக நான்கு வாக்கியம் எழுத வரவில்லை என்றாலும் நின்றுவிடும். டப்பாவை வேப்பமரத்தடியில் வைத்தால் அளவு தப்பும் என்பது புரியவில்லை என்றால் அளந்ததெல்லாம் வீண்.

பாடங்களை இணைத்துக் கற்பிப்பது பற்றிப் பேசும்போது நான் கையில் வைத்துக்கொள்ளும் உரைகல் இதுதான்: இந்தப் பாடத்தை எடுத்துவிட்டால் வேலை நின்றுபோகுமா? நின்றுபோகும் என்றால் அது இணைந்த பாடம். நிற்காது என்றால் ஒட்டுப்போட்ட பாடம்.

இந்த வேறுபாட்டை உயிராக எடுத்துக்கொண்டு உழைத்த இரண்டு பெரிய முயற்சிகள் கல்வி வரலாற்றில் உண்டு. ஒன்று, 1896-ல் சிக்காகோவில் ஜான் டூயி தொடங்கிய பள்ளி. மற்றொன்று, 1937-ல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி. இடையே நாற்பது ஆண்டுகளும் பாதி உலகமும் இருக்கின்றன. ஆனால் இரண்டு இடத்திலும் குழந்தையின் கையில் இருந்த பொருள்களில் ஒன்று பருத்தி. ஒரே பஞ்சை இரண்டு பள்ளிகள் எப்படிக் கையாண்டன என்று பார்த்தால், நாளைக் காலை வகுப்புக்குப் பாடக்குறிப்பு எழுதும் ஆசிரியருக்கும் அதில் வேண்டியது கிடைக்கும்.

சிக்காகோ: அரை மணி நேரத்துப் பஞ்சு

டூயி 1894-ல் சிக்காகோ பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். 1896 ஜனவரியில் பல்கலைக்கழகத்தின் சார்பில் தொடக்கப் பள்ளியைத் திறந்தபோது 16 குழந்தைகள், 2 ஆசிரியர்கள். பள்ளிக்கு மேசை வாங்கக் கடை கடையாக அலைந்த கதையை அவரே பின்னால் ஒரு சொற்பொழிவில் சொன்னார். எந்த மேசையும் அவருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் ஒரு கடைக்காரர்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தார்: குழந்தைகள் வேலை செய்வதற்கு நீங்கள் மேசை தேடுகிறீர்கள், எங்களிடம் இருப்பதெல்லாம் அவர்கள் உட்கார்ந்து கேட்பதற்குச் செய்தவை. அன்றைய பள்ளிக்கூடம் முழுவதும் அந்த ஒரு பதிலில் அடங்கிவிட்டது என்று டூயி கருதினார்.

அவருடைய பள்ளியில் சமையல், தச்சு, தையல், நெசவு ஆகியவை நடுவில் இருந்தன. குழந்தைகளின் கையில் ஆளிச் செடியையும், ஆட்டிலிருந்து கத்தரித்தபடியே கம்பளி ரோமத்தையும், கொட்டையோடு பருத்தியையும் கொடுத்தார்கள். ஒரு குழு அரை மணி நேரம் உட்கார்ந்து பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்தது. கிடைத்த பஞ்சு ஓர் அவுன்ஸ்கூட, அதாவது முப்பது கிராம்கூடத் தேறவில்லை. தங்கள் முன்னோர் ஏன் பருத்தியை விட்டுக் கம்பளி உடுத்தினார்கள் என்ற கேள்விக்கு அந்தக் குழந்தைகளுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வலித்த விரல்களே சொல்லிவிட்டன.

அதோடு முடியவில்லை. இரண்டு இழைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பருத்தியின் இழை குட்டை, வழுவழுப்பு. கம்பளியின் இழை நீளம், சொரசொரப்பு. ஒன்றை ஒன்று பற்றிக்கொள்ளும், ஆகவே நூற்பது எளிது. அங்கிருந்து கம்பளியைச் சிக்கெடுக்க ஒரு சட்டம் வேண்டும் என்று தாங்களே யோசித்துச் செய்தார்கள். பிறகு கதிர், பிறகு தறி. கொட்டை நீக்கும் இயந்திரம் வந்தபோது உலகம் ஏன் மாறியது என்பது அவர்களுக்கு வரலாற்றுப் பாடமாக வந்து சேர்ந்தது. இழையின் தன்மை அறிவியல், எடை கணக்கு, பஞ்சு விளையும் நிலம் புவியியல். எந்தப் பாடத்தையும் யாரும் கூப்பிடவில்லை; வேலை ஓரிடத்தில் முட்டிக்கொண்டபோது தானாக வந்தது.

முட்டை வேகவைத்த வகுப்பும் அப்படியே. முட்டையைக் கொதிநீரில் போட்டு எடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் போகவில்லை. தண்ணீர் எப்போது சுடுகிறது, எப்போது குமிழியிடுகிறது, எப்போது கொதிக்கிறது என்று முதலில் பார்த்து, அந்தந்தச் சூட்டில் வெள்ளைக்கரு என்ன ஆகிறது என்று ஒப்பிட்டார்கள். சமையல் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டே வேதியியலுக்குள் வந்திருந்தார்கள்.

வார்தா: தக்ளியின் கணக்கு

காந்திக்கு இந்த எண்ணம் 1937-ல் திடீரென்று தோன்றியதல்ல. 1910-ல் ஜோகனஸ்பர்க் அருகே அமைத்த டால்ஸ்டாய் பண்ணையில் காலையில் உடலுழைப்பு, பிற்பகலில் படிப்பு என்று ஏற்கெனவே நடத்திப் பார்த்தவர் அவர். அந்தப் பண்ணையின் பிள்ளைகளில் தமிழ்க் குழந்தைகளும் உண்டு. அங்கே செருப்புத் தைக்கவும் கற்றார்கள்.

1937 அக்டோபர் 22, 23 தேதிகளில் வார்தாவில் கல்வி மாநாடு கூடியது. கல்வியாளர் ஜாகிர் உசேன் தலைமையில் குழு அமைந்தது. டிசம்பர் 2-ஆம் தேதி அறிக்கை தந்தது. அந்தக் குழுவில் நம்மவர்கள் இருவர். ஒருவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. மற்றவர் யாழ்ப்பாணத் தமிழரான இ.டபிள்யூ. ஆரியநாயகம். குழுவை ஒருங்கிணைத்தவரும் ஆரியநாயகம்தான். பிறகு அவரும் மனைவி ஆஷாதேவியும் வார்தாவை அடுத்த சேவாகிராமத்தில் இருந்து பல ஆண்டுகள் இந்தக் கல்வியைத் தோளில் சுமந்தார்கள். சென்னையில் பள்ளி ஆசிரியையாக வாழ்க்கையைத் தொடங்கிய மார்ஜரி சைக்ஸும் பின்னர் சேவாகிராமத்தில் பணியாற்றி, ஆதாரக் கல்வியின் கதையை எழுதிவைத்தார்.

ஏழு ஆண்டு இலவசக் கட்டாயக் கல்வி, தாய்மொழி வழி, நடுவில் ஒரு கைத்தொழில் என்பது அறிக்கையின் சுருக்கம். பாடங்கள் மூன்று நடுப்புள்ளிகளைச் சுற்றி அமைய வேண்டும் என்றது: கைத்தொழில், இயற்கைச் சூழல், சமூகச் சூழல். எடுத்துக்காட்டாக விரிவாக எழுதப்பட்டது நூற்பும் நெசவும்.

சிக்காகோவுக்குப் பருத்தி பெட்டியில் வந்திருக்கும். வார்தாவோ விதர்பாவின் பருத்திக் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. குழந்தை பள்ளிக்கு வரும் வழியெல்லாம் பருத்தி. வகுப்பில் முதலில் தக்ளி, அதாவது கையால் சுழற்றி நூற்கும் கதிர். ஒரு சிட்டம் நூலுக்கு 640 சுற்று. ஒரு சுற்றுக்கு 4 அடி. ஆக ஒரு சிட்டம் 2,560 அடி. இன்று எத்தனை சுற்று சுற்றினேன், நேற்றைவிட எவ்வளவு கூட, ஒரு வேட்டிக்கு இன்னும் எத்தனை சிட்டம் வேண்டும் என்று குழந்தை ஒவ்வொரு நாளும் தன் நூலைத் தானே எண்ணியாக வேண்டும். பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு இதைவிட நெருக்கமான தேவை வேறு எங்கே கிடைக்கும்?

இன்னொரு கேள்வியும் அங்கே காத்திருந்தது. நம் காட்டுப் பருத்தி கப்பலேறி இங்கிலாந்தின் லங்காஷயருக்குப் போய்த் துணியாகத் திரும்பி வந்தது ஏன்? நம் ஊர் நெசவாளி என்ன ஆனார்? காந்தி தக்ளியின் வழியாகவே கிழக்கிந்தியக் கம்பெனி வரலாற்றுக்குள் குழந்தையை அழைத்துப் போகலாம் என்றார். சிக்காகோவின் குழந்தைக்குப் பருத்தியின் வரலாறு நடந்து முடிந்த கதை. வார்தாவின் குழந்தைக்கு அது வீட்டு வாசலில் நடந்துகொண்டிருந்த கதை.

‘ஏன்?’ என்ற பள்ளியும் ‘எவ்வளவு? யாருக்கு?’ என்ற பள்ளியும்

இரண்டையும் அருகருகே வைத்தால் முதலில் தெரியும் வேறுபாடு கேள்வியில் இருக்கிறது. சிக்காகோவில் பஞ்சைப் பிரித்த குழந்தை ‘ஏன்?’ என்று கேட்டது. அதன் நோக்கம் துணி அல்ல. மனிதர்கள் எப்படி இங்கே வந்து சேர்ந்தார்கள் என்று அறிவது. அரை மணி நேரத்தில் கொஞ்சம் பஞ்சு கிடைத்தாலே போதும், பாடம் நடந்துவிட்டது. வார்தாவின் குழந்தை ‘எவ்வளவு?’ என்றும் ‘யாருக்கு?’ என்றும் கேட்டது. அங்கே நூல் நூலாகவே வேண்டும்; முறுக்குத் தளர்ந்தால் தறியில் அறுந்துவிடும்.

என் உரைகல்லில் உரைத்தால் இரண்டும் பொன்தான், ஆனால் மாற்று வேறு. சிக்காகோவில் அறிவியலும் வரலாறும் வேலையோடு பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. இழை குட்டை என்பதைப் பார்க்காதவர்களால் அடுத்த கருவியைச் செய்ய முடியாது. வார்தாவில் கணக்கு அப்படிக் கலந்திருக்கிறது. எண்ணாமல் சிட்டம் கட்ட முடியாது. மொழியும் கலந்திருக்கிறது, தினக்குறிப்பு எழுதியாக வேண்டும். ஆனால் கைத்தொழிலோடு எல்லாவற்றையும் கட்டியே தீருவது என்று நினைத்த இடத்தில் முடிச்சு வலிந்து விழுந்தது. தக்ளி சுற்றுகிறது, பூமியும் சுற்றுகிறது, ஆகவே இன்று பூமியின் சுழற்சி என்கிற மாதிரிப் பாடம் குடைகளைக் கூட்டுகிற பாடத்துக்கு அண்ணன் தம்பி. குழு சொன்ன மற்ற இரண்டு நடுப்புள்ளிகளையும், வானத்தையும் ஊரையும், ஆசிரியர்கள் மறக்காமல் இருந்திருந்தால் அந்த வலிந்த முடிச்சுகளுக்கு வேலையே இருந்திருக்காது.

நேரமும் ஆளும்

இரண்டாவது வேறுபாடு கால அட்டவணை. ஜாகிர் உசேன் குழு வகுத்த ஐந்தரை மணி நேரப் பள்ளி நாளில் கைத்தொழிலுக்கு 3 மணி 20 நிமிடம். தாய்மொழிக்கு 40 நிமிடம். இசை, ஓவியம், கணக்கு மூன்றுக்கும் சேர்த்து 40 நிமிடம். சமூகப் பாடமும் பொது அறிவியலும் 30 நிமிடம். மீதி உடற்பயிற்சிக்கும் இடைவேளைக்கும் பத்துப் பத்து நிமிடம். தனிப் பாடவேளை இவ்வளவு குறைவு என்பதால் கைத்தொழில் நேரத்துக்குள்ளேயே மற்றப் பாடங்கள் நடந்தாக வேண்டும். அதற்குக் கைத்தொழிலும் தெரிந்த, பாடமும் தெரிந்த, இரண்டும் சந்திக்கும் இடமும் தெரிந்த ஆசிரியர் வேண்டும். அன்று நாடு முழுவதும் ஏழு லட்சம் கிராமங்கள். அத்தனை பேரை எங்கே போய்த் தேடுவது?

சிக்காகோவில் ஆளுக்குப் பஞ்சமில்லை. 1902-ல் அங்கே சுமார் 140 குழந்தைகள், 23 ஆசிரியர்கள், 10 உதவியாளர்கள். ஆறு குழந்தைக்கு ஓர் ஆசிரியர். வாரந்தோறும் ஆசிரியர்கள் கூடிப் பேசினார்கள். வகுப்பில் நடந்ததை எழுதிவைத்தார்கள். என் பாடம் எங்கே நின்றது, உன் பாடம் எங்கே தொடங்கலாம் என்று பேசிக்கொள்ள அவர்களுக்கு நேரம் இருந்தது. நிர்வாகம் பற்றிய கருத்து வேறுபாட்டில் டூயி 1904-ல் சிக்காகோவை விட்டுப் போனார். பள்ளி இன்றும் இருக்கிறது. அவர் நடத்திய சோதனை அத்தோடு முடிந்தது.

ஓரிடத்தில் வசதி மிகுதி, அதனால் மற்றப் பள்ளிகளால் அதைப் பின்பற்ற முடியவில்லை. மற்றதில் பரப்பு மிகுதி, அதனால் ஆசிரியரின் கைக்குப் போவதற்குள் கருத்து இளைத்துவிட்டது. இரண்டிலும் நமக்குப் பயன்படுவது அந்த வாரக் கூட்டம். ஐந்து ஆசிரியர் உள்ள பள்ளியில் வெள்ளிக்கிழமை மாலை அரை மணி நேரம் உட்கார்ந்து பேசச் செலவு ஒன்றும் ஆகாது.

நூலுக்கு விலை வைத்தபோது

மூன்றாவது வேறுபாடுதான் கடினமானது. குழந்தைகள் செய்யும் பொருளின் வருமானத்தில் ஆசிரியரின் சம்பளமாவது கிடைக்க வேண்டும் என்று காந்தி விரும்பினார். அடிமை நாட்டில், பள்ளி நடத்தப் பணம் இல்லாத நிலையில் பிறந்த எண்ணம் அது. ஆனால் நூலின் அளவு சம்பளத்தோடு கட்டப்பட்டால் ஆசிரியரின் கண் குழந்தையின் கேள்வியை விட்டுச் சிட்டத்தின் எண்ணிக்கைக்குப் போய்விடும். குழுவே இதை முன்கூட்டிப் பார்த்தது. பொருளாதாரப் பக்கத்தை அழுத்தினால் கல்வி பலியாகிவிடும், ஆசிரியர் குழந்தையிடம் வேலை வாங்குவதிலேயே குறியாகிவிடுவார் என்று தன் அறிக்கையிலேயே எச்சரித்தது. எச்சரிக்கை எழுதியவர்களின் நேர்மை பெரியது. சிக்காகோவின் குழந்தை இந்தச் சுமையைச் சுமக்கவில்லை. அங்கே தொழில்கள் விலைக்காக அல்லாமல் அறிவுக்காக நடக்க வேண்டும் என்பதில் டூயி கண்டிப்பாக இருந்தார்.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சுக்கு இன்னொரு காயமும் உண்டு. 1953-ல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்றுப் பெரும் எதிர்ப்பைச் சந்தித்த அது, 1954-ல் காமராஜர் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் சரியான இடத்தில்தான் கை வைத்தார்கள். வார்தா பள்ளியில் யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் ஒரே தரையில் உட்கார்ந்து ஒரே தக்ளியைச் சுற்ற வேண்டும். 1953 திட்டமோ பள்ளிக்கு வெளியே, அவரவர் பிறப்பின் தொழிலுக்கு அவரவரைத் திருப்பி அனுப்பியது. முதலாவதில் வேலை குழந்தைகளைச் சேர்த்தது. இரண்டாவதில் வேலையே அவர்களைப் பிரித்திருக்கும்.

இது பழைய அரசியல் என்று தள்ளிவிட முடியாது. செயல்திட்டம் என்று நாம் இன்று நான்கு பேரைக் குழுவாக உட்காரவைக்கும்போது, அளக்கிறவன் யார், எழுதுகிறவள் யார், கடைசியில் தரையைக் கூட்டுகிறவர் யார் என்று பாருங்கள். பையன் அளந்து, பெண் வண்ணம் தீட்டினால், அதே பிழையின் சிறு விதை நம் வகுப்பிலும் விழுந்துவிட்டது. குழு வேலையில் ஒவ்வொரு பொறுப்பும் ஒவ்வொரு கைக்கும் சுற்றி வர வேண்டும் என்பதைப் பாடக்குறிப்பிலேயே எழுதிவிட வேண்டும்.

இரண்டையும் சேர்த்து ஒரு பாடம்

சிக்காகோவின் ‘ஏன்’ நமக்கு வேண்டும். வார்தாவின் ‘எவ்வளவு, யாருக்கு’ என்பதும் வேண்டும். முன்னது இல்லாவிட்டால் வேலை வெறும் வேலையாகிவிடும். பின்னது இல்லாவிட்டால் ஆராய்ச்சி பாதியில் விளையாட்டாகிவிடும். நான்காம் வகுப்புக்கு ஒரே கேள்வியில் இரண்டையும் கட்ட முடியும்: ஒரு கைக்குட்டைக்கு எத்தனை பருத்திக்காய் வேண்டும்?

இந்தக் கேள்வியை வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் நானே ஒரு மாலை ஐந்து வெடித்த காய்களை எடுத்து உட்கார்ந்தேன். சுளையைப் பிய்ப்பது எளிது. கொட்டையை எடுக்கத்தான் முடியவில்லை. இழை கொட்டையின் தோலை விட மாட்டேன் என்கிறது. நகத்தால் சுரண்டினால் அறுகிறது, மெல்ல இழுத்தால் வருகிறது. கொட்டையில் ஒட்டிக்கொண்ட பொடிப் பஞ்சு கடைசிவரை போகவில்லை. இரண்டு விரலால் முறுக்கியபோது ஒரு சாண் நூல் வந்தது; இழுத்ததும் நடுவில் அறுந்தது. கூடுதலாக முறுக்கினேன், சுருண்டுகொண்டது.

எழுந்ததும் நான் எங்கெங்கே தடுமாறினேன் என்று ஒரு தாளில் எழுதினேன். கொட்டையின் எடை எவ்வளவு, பஞ்சின் எடை எவ்வளவு? பருத்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு. மளிகைக்கடைத் தராசில் குழந்தைகளே நிறுத்துப் பார்த்தால் பின்னம் வந்துவிடும். நூல் ஏன் அறுகிறது, முறுக்கினால் ஏன் உறுதியாகிறது? உருப்பெருக்கியின்கீழ்ப் பருத்தியையும் கம்பளியையும் வைத்துப் பார்த்தால் அறிவியல். கொட்டையை இவ்வளவு சிரமப்பட்டு எடுக்கிறோமே, அரவை மில்லில் எப்படி எடுக்கிறார்கள்? அங்கே வேலை பார்த்த ஒரு பெரியவரை வகுப்புக்கு அழைத்துவர வேண்டும். அவரிடம் கேட்கப் பத்துக் கேள்விகளை முன்னதாக எழுத வேண்டும், ‘ஐயா’ என்று தொடங்கி அழைப்புக் கடிதம் எழுத வேண்டும், அவர் சொன்னதைத் தொகுக்க வேண்டும்: தமிழ். காட்டில் பருத்திக்கு என்ன விலை, கடையில் கைக்குட்டைக்கு என்ன விலை, நடுவில் யார் யார் கை பட்டது? சமூக அறிவியல்.

மழைப் பாட்டு மாதிரி ஒரு பருத்திப் பாட்டும் சேர்க்கலாமே என்று தோன்றியது. பஞ்சடிக்கும்போது எல்லாரும் ஒரே தாளத்தில் அடிக்கப் பாட்டு உதவும் என்றால் சேர்க்கலாம். அப்படி உதவாவிட்டால் அதைத் தமிழ்ப் பாடவேளையில் நிம்மதியாகப் பாடிக்கொள்ளட்டும். எல்லாப் பாடத்தையும் ஒரே கயிற்றில் கட்டத் தேவையில்லை. வாய்ப்பாட்டுக்கும் வாசிப்புப் பயிற்சிக்கும் தனி நேரம் எப்போதும் வேண்டும். சேர்ந்த வேலையில் எடுத்துப் பயன்படுத்த வேண்டிய கருவிகள் அங்கேதான் கூர்படுகின்றன.

மறுநாள் எழுதிய பாடக்குறிப்பில் அந்தத் தாளில் இருந்தவை மட்டுமே பாடங்களாக வந்தன. டூயியின் குழந்தைகளுக்கும் வார்தாவின் குழந்தைகளுக்கும் பாடம் வேலை தடைப்பட்ட இடத்தில்தான் நுழைந்தது. ஆகவே அடுத்த இணைப்புப் பாடத்தைத் திட்டமிடும்போது தலைப்பிலிருந்தோ பாடப்புத்தகத்தின் பொருளடக்கத்திலிருந்தோ தொடங்காதீர்கள். குழந்தை செய்யப்போகும் வேலையை முதல்நாள் மாலை உங்கள் கையால் செய்து பாருங்கள். உங்கள் நூல் எங்கே அறுந்ததோ, அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.